குச்சியை எண்ணிப் போட்ட மேடை

அன்று அங்கே இருந்தவர்கள்: விழாத் தலைவர், ஒருவர். அவர் வரும்வரை பேசிக்கொண்டிருக்க ஒருவர். அவர் வந்துவிட்டார் என்று சொல்ல ஒருவர். வரவேற்புரை வாசித்தவர். வாசித்தவருக்குத் துண்டு போர்த்தியவர். மைக் செட்காரர். விழாச் செயலாளராகிய கணக்கு வாத்தியார். பாட்டுக்காரி காளியம்மா. என் வீட்டுக்காரி. எதிரே தரையில் உட்கார்ந்திருந்த ஊர். மேடைக்குக் கீழே நான்.

மேடைக்கு மேலே ஆடியவர்களை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அவர்களை எண்ணக் கூடாது என்றார்கள்.

மேடை வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் மூன்றாம் வகுப்பு. நீங்கள் எல்லாம் டிப்ளமோ என்கிறார்கள். அளவு, ஆணி, முடிச்சு இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் விழும்போது தெரியும். ஆகையால் அதை விட்டுவிடுகிறேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. காரைக்குடியில் எனக்கு ஒரு கடைசல் பட்டறை. கட்டில் கால், தொட்டில் கம்பு, கோலாட்டக் குச்சி கடைவேன். திருவிழாக் காலத்தில் மேடை போடுவேன். பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு ஊரில் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு மேடை கேட்டு வந்தார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். பேரன்மார் இருக்கிறார்கள். சண்டைக்கு வருவார்கள்.

அந்தக் காலத்தில் எந்த விழாவுக்கும் ஒரு புதுமை வேண்டும் என்று ஒரு நோய் பரவியிருந்தது. கணக்கு வாத்தியாருக்கும் அது வந்திருந்தது. பட்டறைக்கு வந்து நோட்டீஸை நீட்டினார்.

"மூணு தலைமுறை ஒரே மேடையில ஆடப் போகுது ஆசாரி. பேத்தி, தாயி, அப்பத்தா. எந்த ஊர்லயும் நடக்காதது. நோட்டீஸ்ல போட்டாச்சு."

"நோட்டீஸ் தாங்கும் சார். மேடை தாங்கணும்ல. எத்தனை பேரு?"

"அதை மட்டும் கேக்காதீங்க."

"ஏன்?"

"முளைப்பாரி எடுக்குற ஊரு. கும்மிக்கு வர்ற பொம்பளைகளை எண்ணக் கூடாதாம். எண்ணுனா அடுத்த வருஷம் அதுல ஒரு ஆளு குறையுமாம். ஊர் வழக்கம். நான் புதுசா வந்தவன், மீற முடியுமா? நீங்க பார்த்துப் போடுங்க."

பையன்கள் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டால் முட்டியில் அடிப்பவர் அவர். எண்ண மாட்டேன் என்று ஒரு கணக்கு வாத்தியார் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

மூன்று தலைமுறையைச் சேர்ப்பது அவர் நினைத்த மாதிரி சுலபமாகவும் இல்லை. முதல் தலைமுறைக்கு மேடையில் ஏற வெட்கம். இரண்டாம் தலைமுறைக்கு மாமியாரோடு ஏறப் பயம். மூன்றாம் தலைமுறைக்குப் பரீட்சை. ஆனாலும் நோட்டீஸில் போட்டாயிற்று. அந்தக் காலத்தில் நோட்டீஸுக்கு அவ்வளவு மரியாதை.

என் வீட்டுக்காரிக்கு அது பிறந்த ஊர். கட்டிக்கொடுத்த பெண்களையும் ஆட வரச் சொல்லியிருந்தார்கள். அவள் பத்து நாளுக்கு முன்பே பழகப் போய்விட்டாள். அவளிடம் கேட்டிருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். தொழில் விஷயத்தை வீட்டுக்காரியிடம் கேட்பதா என்று நினைத்தேன். நினைத்ததை எழுதிவிட்டேன். நீங்கள் நினைக்காதீர்கள்.

மரம் இறக்கப் போன அன்று பள்ளிக்கூட முற்றத்தில் ஒத்திகை நடந்தது. சிறுமிகளும் அவர்கள் தாய்மாரும் கோலாட்டம் பழகிக்கொண்டிருந்தார்கள். பாடிக்கொடுத்தவர் காளியம்மா. ஐம்பது, ஐம்பத்தைந்து இருக்கும். கடலைக் காட்டில் ஆள் கூட்டி வேலை வாங்குகிறவர். இந்தக் கரையிலிருந்து கூப்பிட்டால் அந்தக் கரையில் திரும்பிப் பார்ப்பார்கள். வாயில் எப்போதும் வெற்றிலை. நான் ஓரமாக நின்று பார்த்தேன்.

"என்ன ஆசாரி, வாய் அசையுது? எண்ணுறீகளா?"

"இல்ல ஆத்தா. பலகையைக் கணக்குப் பாக்குறேன்."

"பலகை அங்குட்டுக் கிடக்கு. நீங்க இங்குட்டுல்ல பாக்குறீக."

எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரியும் சிரித்தாள். நான் திரும்பிக்கொண்டேன்.

ஆனால் எனக்கு எண்ணிக்கை வேண்டும். எண்ணிக்கை இல்லாமல் போட்டால் அது மேடை இல்லை, வேண்டுதல். பட்டறைக்கு வந்து யோசித்தேன். வழி கையிலேயே இருந்தது. அந்த விழாவுக்குக் கோலாட்டக் குச்சி கடைந்ததே நான்தான். அறுபத்து நான்கு குச்சி. ஆளுக்கு இரண்டு. ஆக, மூன்று தலைமுறையும் சேர்த்து முப்பத்திரண்டு பேர். யாரையும் எண்ணவில்லை. வழக்கமும் கெடவில்லை. நாற்பது பேருக்குத் தாங்குகிற மாதிரி போட்டேன். எட்டுப் பேர் என் பெருந்தன்மை.

இந்தக் கெட்டிக்காரத்தனத்தை விழா அன்று காலையில் என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள். "அப்படியா" என்றாள். அவளுக்கு அவசரம்.

எனக்குத் தொழில் காட்டிய மேஸ்திரி பேசுவதே அபூர்வம். ஒரு விதி மட்டும் சொல்லியிருந்தார். நிகழ்ச்சி முடியும்வரை மேடை போட்டவன் மேடைக்கு அடியில்தான் உட்கார வேண்டும். "வெளிய உக்காந்தா கூத்தைப் பாப்ப. அடியில உக்காந்தாத்தான் மேடையைப் பாப்ப" என்பார். இன்னொரு காரணமும் இருந்தது. அதைச் சொல்லமாட்டார். எனக்குப் புரிந்தது: விழுந்தால் முதலில் போட்டவன் தலையில் விழ வேண்டும்.

அதனால் அன்று சாயங்காலமும் அடியில் உட்கார்ந்திருந்தேன். துணை கொசு. தலைவர் பேசினார். கலை என்றால் என்ன என்று முக்கால் மணி நேரம் சொன்னார். மேடைக்கு அதனால் ஆபத்து ஒன்றும் இல்லை. பேச்சுக்குப் பாரம் கிடையாது. பிறகு அவர்கள் எல்லாரும் இறங்கி முன்வரிசையில் சோபாவுக்குப் போனார்கள்.

சிறுமிகள் ஏறினார்கள். பிறகு தாய்மார். வெளி வட்டம் சிறுமிகள், அடுத்த வட்டம் தாய்மார். அடியில் இருந்தால் முகம் தெரியாது, கால் தெரியும். கோலாட்டம் தொடங்கியது. பலகை தபதபவென்றது. பலகையைத் தாங்கும் சட்டம் ஒன்றும் அசையவில்லை. என் கணக்கை நானே மெச்சிக்கொண்டேன். இந்தத் தொழிலில் ஒருவன் தன்னை மெச்சிக்கொள்ளும்போது யாராவது பக்கத்தில் இருந்து அவனைக் கிள்ள வேண்டும்.

மைக்கில் வாத்தியார் குரல்: "இப்போது, நமது முதல் தலைமுறை!"

படியில் கால் சத்தம். ஒவ்வொரு படிக்கும் ஒரு நிறுத்தம். முட்டியில் கை ஊன்றி ஏறுகிற நடை. ஒன்று ஏறியது. இரண்டு. ஐந்து. அப்புறமும் வந்தது. குச்சி பிடித்த முப்பத்திரண்டு பேரும்தான் மேலே ஆடிக்கொண்டிருக்கிறார்களே, இது யார் என்று யோசித்தேன். யோசிக்கிற நேரத்தில் இன்னும் நாலு பேர் ஏறிவிட்டார்கள். நடுவில் விளக்கு. விளக்கைச் சுற்றி அவர்கள் ஒரு வட்டம் போட்டார்கள்.

அப்போதுதான் புரிந்தது. கும்மிக்குக் குச்சி கிடையாது. கைதான்.

கோலாட்டத்தில் கால் மாறி மாறி விழும். அந்த ஊர்க் கும்மியில் மூன்று தட்டுக்கு ஒரு மிதி. அத்தனை பேரும் ஒரே நேரத்தில், ஒரே காலால், குனிந்து மிதிப்பார்கள். மண்ணில் மிதித்துப் பழகியவர்கள். மண் தாங்கும் என்று தெரிந்த மிதி. காளியம்மா முதல் அடி எடுத்தார். முதல் மிதி விழுந்தது. என் கண்ணில் தூசி கொட்டியது.

மரம் உடைவதற்கு முன் பேசும். முதலில் முனகும். பிறகு சொடுக்கும். பிறகு பேசாது. நடுச்சட்டம் முனகியது.

முட்டுக் கொடுக்க உபரியாக ஒரு கால் கட்டை எப்போதும் வைத்திருப்பேன். அதையும் மேஸ்திரிதான் சொன்னார். இரண்டு வைக்கச் சொல்லவில்லை. அந்த ஒன்றை நடுவில் கொடுத்து ஆப்பு அடித்தேன். அடிக்கிற சத்தம் மேலே பாட்டோடு சேர்ந்துபோயிற்று. முனகல் நின்றது. பக்கத்துச் சட்டம் தொடங்கியது.

ஊர்ந்து வெளியே வந்தேன். வாத்தியார் சோபாவுக்குப் பக்கத்தில் நின்று தலைவருக்கு யார் யாருடைய அப்பத்தா என்று விளக்கிக்கொண்டிருந்தார். தனியே கூப்பிட்டேன்.

"சார், நடுச்சட்டம் விரியுது."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"தெரியாது."

"தோராயமா?"

"எண்ணக் கூடாதுன்னது நீங்க சார்."

அவர் முகம் வெளுத்தது. மைக் பக்கம் திரும்பினார். "இப்பவே சொல்லி நிறுத்திடுறேன்."

கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வாத்தியாரின் கையைப் பிடித்தது வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான்.

படி ஒன்றுதான், மேற்கே. மேடை இடிகிறது என்று மைக்கில் ஒரு சொல் விழுந்தால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மேற்கே ஓடுவார்கள். கிழடும் குஞ்சும் சேர்ந்து ஓடும். ஆடுகிற பாரத்தை ஒரு நிமிஷமாவது தாங்குகிற மேடை, ஓடுகிற பாரத்தைத் தாங்காது. விழுந்தபின் தூக்குவதற்குப் பள்ளத்தூரிலிருந்து கார் வரவேண்டும். இதை எல்லாம் நான் அவரிடம் சொல்லவில்லை. "வேண்டாம் சார்" என்று மட்டும் சொன்னேன். நீங்களும் அவ்வளவுதான் சொல்ல வேண்டும். விளக்கினால் அவர் திருப்பி விளக்குவார்.

அவர்கள் யார் சொன்னால் கேட்பார்கள்? தலைவர் சொன்னால் கைதட்டுவார்கள். வாத்தியார் சொன்னால் சிரிப்பார்கள். பாட்டு சொன்னால் கேட்பார்கள்.

காளியம்மா முன்பக்கம் மைக்கை ஒட்டி நின்றார். அவர் ஒரு அடி பாடுவார். மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். அவர்கள் பாடுகிற நேரம் அவர் வாய் சும்மா இருக்கும். கீழே கிடந்த ஒரு கோலாட்டக் குச்சியை எடுத்து அவர் கால் விரலில் தட்டினேன். குனிந்து பார்த்தார். மைக்கை முந்தானையால் பொத்தினார்.

"ஆத்தா, நடுவுல சட்டம் விரியுது."

நிமிர்ந்து அடுத்த அடி பாடினார். குரலில் ஒரு நூல் மாற்றம் இல்லை. காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன். கூட்டம் திருப்பிப் பாடியது. குனிந்தார்.

"எத்தனை பாட்டுக்குத் தாங்கும்?"

"இந்தப் பாட்டுக்கே தாங்காது."

ஒரு அடி பாடினார். குனிந்தார்.

"என்ன செய்யணும், சொல்லுங்க."

"பாட்டை நிறுத்தாதீக. மிதியை நிறுத்துங்க. நடுவுல உள்ளவுகளை முதல்ல இறக்குங்க. ஒத்தை ஒத்தையா."

ஒரு அடி. குனிந்தார்.

"உங்க வீட்டுல கிழக்குக் கடைசியில நிக்குது."

"தெரியும்."

"கடைசியிலதான் இறங்கும்."

"தெரியும் ஆத்தா. நடுவுல உள்ளவுகதான் முதல்ல."

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நிமிர்ந்து ஒற்றைத் தட்டு தட்டினார். கும்மியில் ஒற்றைத் தட்டு என்றால் மிதி இல்லை, நடை. கால்கள் நடைக்கு மாறின. அப்புறம் பாடினார்:

"ஒத்தை ஒத்தையா வாங்கடியோ – படி
ஓரம் பிடிச்சே வாங்கடியோ
மெத்தையி லாடின காலுக்கெல்லாம் – நம்ம
மண்ணுதான் சொந்தம் வாங்கடியோ!"

மெத்தை என்றது உயரத்தில் இருந்த மேடையை. அப்படி ஒரு பாட்டு அதற்கு முன்னால் கிடையாது. நான் படிக்கு ஓடினேன்.

உள்வட்டம் பிரிந்தது. அப்பத்தாக்கள் ஒருவர் பின் ஒருவராக வெளிவட்டங்களை ஊடுருவிக்கொண்டு வந்தார்கள், பின்னலை அவிழ்க்கிற மாதிரி. நான் படியை ஒரு தோளால் முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். முதல் ஆள் நல்லபடியாக இறங்கினார். இரண்டாவது ஆள் நடுப்படியில் நின்று தலைவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். தலைவரும் எழுந்து கும்பிட்டார். இதற்கு ஒரு யுகம் ஆயிற்று. மூன்றாவது ஆள் படியிலேயே நின்றுவிட்டார்.

"இறங்குங்க ஆத்தா."

"நீ யாருப்பா இறங்கச் சொல்ல? புதுச் சேலை கட்டி இப்பத்தான ஏறுனேன்."

"கீழயும் ஆடலாம்."

"கீழதான் அறுபது வருஷமா ஆடுறோமே."

"மண்ணுதான் சொந்தம்" என்று காளியம்மா இன்னொரு முறை அழுத்திப் பாடினார். பின்னால் வந்தவர் முதுகில் தள்ளினார். முனகிக்கொண்டே இறங்கினார்.

உள்வட்டம் முடிந்து சிறுமிகள் வந்தார்கள். குச்சியைக் கைப்பிடியில் தட்டிக்கொண்டே குதித்தார்கள். குதிக்காதே என்றால் இன்னும் குதிப்பார்கள். தோளை இன்னும் இறுக்கிக் கொடுத்தேன். அப்போதுதான் கவனித்தேன். என் வாய் அசைந்துகொண்டிருந்தது.

தாய்மாரில் பாதி இறங்கியபோது நடுச்சட்டம் சொடுக்கியது. மைக் செட்காரர் தன் ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்துத் திருகிக்கொண்டிருந்தார். மேடை நடுவில் ஒரு சாண் இறங்கியது. விளக்கு சாய்ந்து அணைந்தது. மேலே நின்றவர்கள் பாட்டை விட்டார்கள். காளியம்மா விடவில்லை. தட்டையும் விடவில்லை. "ஓரம் பிடிச்சே வாங்கடியோ" என்று அதே அடியைத் திரும்பத் திரும்பப் பாடி, மிச்சம் இருந்தவர்களை ஓரப் பலகையிலேயே நடத்திக் கொண்டுவந்தார். ஓரத்துக் கால்கள் தாங்கின. என் பெருந்தன்மை எட்டுப் பேரும் அங்கேதான் உதவினார்கள்.

என் வீட்டுக்காரி கடைசிக்கு முந்தி வந்தாள். படியில் இறங்கும்போது என் முகத்துக்கு நேரே குனிந்து சொன்னாள்:

"குச்சியை எண்ணுனீகளே, கையை எண்ணுனீகளா?"

பதிலுக்கு நிற்கவில்லை. ஆடப் போய்விட்டாள்.

கடைசியாகக் காளியம்மா. மண்ணில் கால் வைக்கிறவரை பாடினார். வைத்ததும் படியில் உட்கார்ந்துவிட்டார். "ஆசாரி, இடுப்புல வெத்தலைப் பை இருக்கு, எடுக்கக் கை வரல. ஏட்டி, எவளாச்சும் இங்குட்டு வாங்க" என்றார். ஒரு சிறுமி எடுத்துக் கொடுத்தாள்.

பாட்டு நிற்கவில்லை. கீழே எல்லாரும் சேர்ந்து வட்டம் போட்டார்கள். பார்க்க வந்த பெண்களும் எழுந்து சேர்ந்துகொண்டார்கள். பார்க்க வந்த யாருக்கும் ஒன்றும் தெரியாது. மேடை காலியாக, குழிந்து, இருட்டில் நின்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மேடைக்காரனுக்கு அதைவிட நல்ல காட்சி கிடைக்காது.

தலைவர் கீழேயே நின்று மறுபடி பேசினார். மேடையிலிருந்து மக்களிடம் இறங்கி வந்த கலையைத் தான் இதுவரை எங்கும் கண்டதில்லை என்றார். இந்தப் புதுமையைச் செய்த செயலாளரை எவ்வளவு பாராட்டினாலும் தகும் என்றார். வாத்தியார் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார். அடக்கமானவர்.

அடுத்த வருஷம் அவரே வந்தார். "அந்த இறக்கம் ரொம்ப நல்லா இருந்துச்சு ஆசாரி. இந்த வருஷமும் அதை வச்சிடுவோம்" என்றார். வைத்தார்கள். கோவிலூர்ப் பக்கம் ஒரு விழாவிலும் வைத்தார்கள். எழுபதுகளில் மேடையில் தொடங்கி மண்ணில் முடியாத கும்மி எங்கள் பக்கம் இல்லை என்று ஆயிற்று. சமீபத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மேடை பார்க்கப் போனேன். ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர், பூமித்தாயை வணங்குவதற்காக முன்னோர்கள் காலங்காலமாக இப்படி இறங்கினார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். முன்னோர் நான்தான். சொல்லவில்லை.

உங்களுக்கு ஒன்று. எந்த விழாவிலும் பட்டியல் தருவார்கள். பட்டியலில் கையில் எதையாவது வைத்திருப்பவர்கள் பெயர்தான் இருக்கும். மைக், மாலை, குச்சி. வெறுங்கையோடு ஏறுகிறவர்களை யாரும் எழுதமாட்டார்கள். அவர்களுக்கும் பாரம் உண்டு. இப்போது இரும்புக் குழாயில் போடுகிறீர்கள். மரம் உடையுமுன் பேசும். குழாய் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. அடியில் உட்கார்ந்தவனைக் கேளுங்கள். உங்களில் யாராவது உட்கார்ந்தால்.

மறுநாள் காரைக்குடி பஸ்ஸில் என் வீட்டுக்காரி கேட்டாள்.

"படியில நின்னு வாயை அசைச்சீகளே. எத்தனை பேரு இருந்தோம்?"

"எண்ணக் கூடாதுன்னு உங்க ஊர்ல சொன்னாகல்ல."

"எண்ணுனது தெரியும். சொல்லுங்க."

சொல்லவில்லை. எனக்கு அந்த வழக்கத்தில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் சொல்லவில்லை. வருஷா வருஷம் அந்த ஊரிலிருந்து முளைப்பாரிக்கு ஆள் வரும்போதெல்லாம் கேட்பாள். நான் வேறு பேச்சு எடுப்பேன். காளியம்மா போனபோது கேட்டாள். அப்போதும் சொல்லவில்லை.

அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. இனி யாருக்காக வைத்திருப்பது?

ஐம்பத்தேழு.